ருத்ரா உட்கார்ந்த இடம்

கங்காதரனுக்கு நாய் என்றால் பயம். தெருநாய் எதிரே வந்தால் அந்தப் பக்கத்துக்குப் போவார். அந்தப் பக்கமும் ஒன்று படுத்திருந்தால் வீட்டுக்கே திரும்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர்தான் ருத்ரா என்ற போலீஸ் நாயையும், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும் ஏட்டு ஏகாம்பரத்தையும் வைத்து முப்பதுக்கு மேல் மர்ம நாவல் எழுதியிருந்தார். கல்யாணம் ஆகாத சோதிடர் பொருத்தம் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

உத்தியோகம் சென்னையில், ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில். திருத்தணியிலிருந்து புறநகர் ரயிலில் போய் வருவார். உட்கார இடம் கிடைத்தால் எழுதுவார். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே கொலையாளி யார் என்று யோசிப்பார். பதிப்பாளர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அரக்கோணத்தில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிக்கிறவன், பேசின் பிரிட்ஜில் இறங்குவதற்குள் குற்றவாளி பிடிபட்டாக வேண்டும். அதற்குக் கங்காதரன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ருத்ரா மோப்பம் பிடித்து மூன்று தெரு ஓடும். யார் முன்னால் உட்காருகிறதோ அவன்தான் குற்றவாளி. உடனே அவனுக்கு வியர்க்கும், அழுவான், எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வான். சாட்சி, தடயம், வக்கீல் என்று எந்த இழவும் வேண்டாம். நாய் ஓடினால் பக்கம் கூடும், உட்கார்ந்தால் கதை முடியும். இதைத் தாண்டி அதில் ஒரு சூட்சுமமும் இல்லை.

படித்தவர்கள் புத்தகத்தை ரயிலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். காவல் துறைதான் விடவில்லை.

எந்தக் காவல் நிலையம் என்று கேட்காதீர்கள். திருத்தணியில் இருக்கிற நிலையம் அல்ல, இந்தக் கதையில் இருக்கிற நிலையம். அங்கே டி.எஸ்.பி.யாக வந்த பரசுராமன், கங்காதரனின் தீவிர ரசிகர். மோப்ப நாய்ப் பிரிவுக்கு வந்த பயிற்சிக் கையேடு இந்தியில் இருந்தது. தமிழில் வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டார்கள். பதில் வந்தது, அதுவும் இந்தியில் இருந்தது. "எதுக்குங்க அவ்ளோ தூரம் போய்க்கினு? நம்ம ஊர்லயே, நம்ம தமிழ்லயே எழுதி வெச்சிருக்காரே ஒருத்தரு," என்றார் பரசுராமன். நாவல்களை மொத்தமாக வாங்கி, பைண்டு செய்து, பயிற்சிப் பாடமாகவே கொடுத்துவிட்டார். பிரிவில் இருந்த லாப்ரடார் பெட்டைக்கு ருத்ரா என்று பெயர் மாற்றினார்கள். நாவலில் ருத்ரா ஆண், அதுவும் அல்சேஷன். அரசாங்க வேலையில் அவ்வளவு சின்ன வித்தியாசத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கங்காதரனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுதுகிறவன் புத்தகத்தை எவராவது இரண்டாம் முறை படித்துவிட்டால் போதும், அவர் வீட்டு மாட்டுக்குக்கூட வணக்கம் வைப்பான். இவரும் வைத்தார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி எல்லப்பன் மலையடிவாரத்தில் கட்டியிருந்த சத்திரத்தில் ஒரு வெள்ளிச் சேவலைக் காணோம். முருகனுக்கு நேர்ந்துகொண்டு செய்த சேவல். எல்லப்பன் புகார் கொடுத்தார். ருத்ரா ஜீப்பில் வந்து இறங்கியது.

கங்காதரன் அன்றைக்கு லீவு. மூன்று தெரு தள்ளி மெஹபூப் பாஷாவின் மெக்கானிக் கடையில், ஸ்கூட்டருக்கு கிளட்ச் வயர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாஷா பல வருஷத்துச் சிநேகிதர். நாவல் வெளிவந்தால் முதல் பிரதி அவருக்குத்தான். படிக்கிறாரோ இல்லையோ, எண்ணெய்க் கை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்திருப்பார்.

தெருமுனையில் ஒரு சத்தம். முன்னால் நாய், அதன் பின்னால் ஏட்டு சுதாகர், அவர் பின்னால் இன்ஸ்பெக்டர் சாமிநாதன், அவர் பின்னால் வேலை வெட்டி இல்லாத ஊர். ருத்ரா கடைக்குள் நுழைந்தது, மூச்சு வாங்கியது, உட்கார்ந்தது. கங்காதரன் ஒரு பக்கம், பாஷா ஒரு பக்கம், நடுவில் அது.

சாமிநாதன் கங்காதரனைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "சாரு நேர்லயே பாக்க வந்துட்டீங்களா? அப்படியே நீங்க எழுதின மாதிரியே முடிஞ்சுது பாருங்க," என்று சொல்லிக்கொண்டே பாஷாவின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சார், நான் இன்னா பண்ணேன்?" என்றார் பாஷா.

"வேர்க்குது பாரு உனக்கு."

"தகரக் கொட்டாய்ங்க இது. உங்களுக்குந்தான் வேர்க்குது."

"எதிர்த்துப் பேசறான். இதுவும் புக்குல இருக்குது," என்றார் சாமிநாதன்.

நாய் என் முன்னாலும்தானே உட்கார்ந்தது என்று கங்காதரன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதி காரணம் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த நாய். மீதிப் பாதி சாமிநாதன் அடித்த சல்யூட், அதை நினைத்து வெட்கப்பட்டார். ஜீப் போன பிறகும் கிளட்ச் வயர் பாதி மாட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் நிலையத்துக்குப் போனார். வாசலில் பாஷாவின் மனைவி கவுசர் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்தே நிற்கிறாள்.

"அண்ணா, நீங்க சொன்னா கேப்பாங்களாம். உள்ள எல்லாரும் உங்க புக்கைத்தான் படிச்சுகினு இருக்காங்க," என்றாள். "நாளைக்கு கோர்ட்டுக்கு இட்டுகினு போயி உள்ள தள்ளிடுவாங்களாம். அப்புறம் வெளிய வந்தும் இன்னா பண்றது? திருடன்னு போலீஸ் புடிச்ச மெக்கானிக்கு கிட்ட எவன் வண்டிய வுட்டுட்டுப் போவான்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா."

ஒரு வார்த்தை சொல்லத்தான் உள்ளே போனார். சாமிநாதன் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். லாக்கப் ஓரத்துப் பெஞ்சில் பாஷா குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, இவருக்கு வணக்கம் வைத்தார். 

"இன்ஸ்பெக்டர் சார், அதெல்லாம் கதைங்க. கற்பனையா எழுதினது."

"உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி சார்."

"அடக்கம் இல்லீங்க, நெசம். எனக்கு நாயைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பக்கம் முடியணுமேன்னு அதை உட்கார வெச்சேன்."

சாமிநாதன் மேசை டிராயரிலிருந்து பைண்டு புத்தகத்தை எடுத்தார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட இடத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார். "'ருத்ரா பொய் சொல்லாது. பொய் சொல்பவன் மனிதன்.' இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"இப்ப, அதெல்லாம் பொய்யின்னு பேசறது யாரு?"

"நான்தான்."

"நீங்க மனுசன்தானே சார்?"

கங்காதரன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். வேறென்ன செய்வார்?

சத்திரத்துக்குப் போய் எல்லப்பனிடமே பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. போனால், எல்லப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கக்கத்தில் ஒரு லுங்கிப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். வெள்ளிச் சேவல், பளபளவென்று.

"சேவலு எங்கியும் போவல நைனா. எங்க மாப்பிள்ளை பாலீசு போட அரக்கோணத்துக்கு எடுத்துகினு போயிருக்கான். என் வூட்டுக்காரி ஜெயம்மா கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கான். அவ என்கிட்ட சொல்ல மறந்துட்டா. இப்பதான் கொணாந்து குடுத்தான்," என்றார். அவருக்கே அவமானமாக இருந்தது.

கங்காதரனுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். திருட்டே நடக்கவில்லை என்றால் திருடன் எங்கிருந்து வருவான்? எல்லப்பனையும் சேவலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். வாசலில் கவுசரிடம் சேவலைக் காட்டி, "முடிஞ்சுதும்மா, வூட்டுக்குப் போயி சோறு ஆக்கு," என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சாமிநாதன் சேவலைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மேசைமேல் நிறுத்தினார்.

"நாய் உட்கார்ந்ததுக்கு அப்புறம் பொருள் கிடைச்சா, குத்தவாளி பயந்துபோய் திருப்பி வெச்சுட்டான்னு அர்த்தம். உங்க ஒம்பதாவது நாவல்."

"அவரு உங்க லாக்கப்புல இல்ல இருக்காரு? இங்கேர்ந்து எப்படி போயி வெப்பாரு?" என்று எல்லப்பன் கேட்டார்.

சாமிநாதனின் முகம் மலர்ந்தது. "அப்ப கூட்டாளி ஒருத்தன் வெளிய இருக்கான். நல்ல பாயிண்டு குடுத்தீங்க. உங்க மாப்பிள்ளை பேரு இன்னா?"

எல்லப்பன் பின்பக்கமாகவே நகர்ந்து கதவைத் தொட்டார். "நான் ஒண்ணும் சொல்லல நைனா. எனக்கு மாப்பிள்ளையே இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பெண் கொடுத்த பிறகு இப்படி ஒரு வாக்குமூலம் கொடுக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? சேவல் மேசையிலேயே நின்றது. சாட்சியாம்.

கங்காதரன் கவுசரின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கொல்லைப் பக்கமாக வெளியே வந்தார். அங்கே சுவரோரம் ஏட்டு சுதாகர் குந்தி உட்கார்ந்து, ருத்ராவின் இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நாய் கண்ணை மூடிக் கிடந்தது. கங்காதரன் தூரத்திலேயே நின்றார்.

"ஒண்ணும் செய்யாது, வாங்க சார்," என்றார் சுதாகர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வயசாயிடுச்சு இவளுக்கு. இடுப்பு எலும்பு தேஞ்சுபோச்சு. மூணு தெரு தாண்டினா வலி தாங்காது, எங்க இருக்காளோ அங்க உட்காந்துடுவா. நீங்களும் மூணு தெருன்னு எழுதி வெச்சுட்டீங்க. ரெண்டும் ஒத்துப்போச்சு. யாருக்கும் சந்தேகம் வரல."

கங்காதரன் ஒரு அடி கிட்டே வந்தார். "இதுக்கு முன்னாடி யார் யார் முன்னாடி உட்கார்ந்துச்சு?"

"ஒரு கொய்யாப்பழக்காரம்மா. திருப்பதி பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்த ஒருத்தரு. பள்ளிப்பட்டு பக்கத்து விவசாயி ஒருத்தரு. எல்லாரும் ஒத்துக்கினாங்க சார்."

"செய்யாததை எப்படி ஒத்துக்கினாங்க?"

சுதாகர் எண்ணெய்ப் புட்டியை மூடினார். 

"நீங்க இதை டி.எஸ்.பி. கிட்ட சொல்லலாமே."

"இவ எஸ்.ஐ. ரேங்க்கு சார், நான் ஏட்டு. எங்க பிரிவுல நாய்க்கு ஒரு படி மேல குடுத்து வெச்சிருக்காங்க. மேலதிகாரி சொன்னது தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? என்னைத் தூக்கி பந்தோபஸ்துல போட்டாக்கூடப் பரவால்ல. இவளை ஏலத்துல வுட்டுடுவாங்க." சுதாகரின் கை நாயின் தலையை விட்டு எடுபடவில்லை. கங்காதரனுக்கு அந்த நாயைப் பார்த்து முதல் முறையாகப் பயம் வரவில்லை, பாவமாக இருந்தது.

மறுநாள் காலை, பாஷாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், ஒரு கல்யாண மண்டபத்தில் 'மோப்பத் திறன் விளக்க விழா' ஏற்பாடாகியிருந்தது. சேவல் வழக்கை உடனுக்குடன் முடித்த பெருமையைப் பத்திரிகைக்காரர்களுக்கும் சேனல்காரர்களுக்கும் காட்ட வேண்டுமாம். சிறப்பு விருந்தினர், எழுத்தாளர் கங்காதரன். வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். மைக் கையில் கிடைக்கும் என்பதால் வந்தார். ராத்திரி தூங்கவில்லை, என்ன பேசுவது என்று நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தார். மேடையில் ஏறியதும் ஒன்றும் நினைவில் இல்லை.

மேடை ஓரத்தில் பாஷாவை நிறுத்தியிருந்தார்கள், இரண்டு பக்கமும் போலீஸ். கவுசர் கடைசி வரிசையில், நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றாள். கங்காதரனைத் தவிர வேறு எவரையும் அவள் பார்க்கவில்லை.

பரசுராமன் மாலை போட்டுக்கொண்டு பேச எழுந்தார்.

"முன்பெல்லாம் ஒரு குற்றம் நடந்தால் சாட்சியைத் தேட வேண்டும், தடயத்தைத் தேட வேண்டும், சில நேரம் குற்றவாளியையே தேட வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய காலவிரயம்! ருத்ரா வந்த பிறகு இந்தப் பகுதியில் கண்டுபிடிக்கப்படாத குற்றம் என்பதே கிடையாது. நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். நடக்காத குற்றத்தையும் கண்டுபிடித்திருக்கிறோம். இந்தச் சேவல் வழக்கே அதற்குச் சான்று."

கைதட்டினார்கள். முன்வரிசை போலீஸ்காரர்கள் தட்டியதைப் பார்த்துப் பின்வரிசையும் தட்டியது.

"நாய்க்குத் தவறே நேராதா என்று சிலர் கேட்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது, நான் தவறு செய்துவிட்டேன் என்று ருத்ரா சொல்லியிருக்கிறதா? இல்லை. மனிதர்களான நாம்கூட அப்படிச் சொன்னதில்லை. இந்த ஒழுக்கத்தைத்தான் துறை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறது."

செயல் விளக்கம் தொடங்கியது. சேவலை ருத்ராவின் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, மேடையில் டி.எஸ்.பி.யின் மேசைமேல் நிறுத்தினார்கள். சுதாகர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார். திட்டப்படி மூன்று சுற்று முடித்து மேடை ஓரத்தில் நிற்கும் பாஷாவிடம் வர வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே ருத்ரா பின்னங்காலை இழுத்தது. சுதாகர் நடையைக் குறைத்தார், முகம் வெளுத்திருந்தது. எப்படியோ மூன்றாவது சுற்றும் முடிந்தது. நாய் மேடைப் படியில் ஒவ்வொன்றாக ஏறியது. ஏறியதும் அதற்குமேல் முடியவில்லை. பரசுராமனின் பளபளக்கும் பூட்ஸ்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது.

 எல்லாச் செல்போன்களும் மேடையைப் பார்த்து நீண்டிருந்தன. பரசுராமன் நாயைப் பார்த்தார், நாய் பரசுராமனைப் பார்த்தது. சேவல் யாரையும் பார்க்கவில்லை.

"சல்யூட்!" என்று கத்தினார் சாமிநாதன். "ருத்ரா டி.எஸ்.பி. அய்யாவுக்கு மரியாதை செலுத்துது. எல்லாரும் எழுந்து நில்லுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். பரசுராமன் நாய்க்குப் பதில் சல்யூட் அடித்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி மண்டபமே தட்டியது.

கங்காதரன் முன்னால் வந்தார். மைக்கைப் பிடித்தார். தயாரித்து வைத்த பேச்செல்லாம் போய், ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

"அப்ப நேத்து பாஷா முன்னாடி உட்கார்ந்துச்சே, அதுவும் சல்யூட்தானுங்களா?"

கைதட்டல் அங்கங்கே நின்றது. ஒரு சேனல்காரர் செல்போனைப் பரசுராமனின் முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார். சாமிநாதன் டி.எஸ்.பி.யின் காதில் என்னவோ சொன்னார். அவர் இவர் காதில் சொன்னார். அங்கே சல்யூட் இல்லை என்றால் இங்கே என்ன என்று அடுத்த கேள்வி வரும். அது இருவருக்கும் தெரிந்தது. பரசுராமன் தொண்டையைச் செருமினார்.

"ஆமாம். உழைக்கும் மக்களுக்கு ருத்ரா தானாக முன்வந்து செலுத்திய மரியாதை அது."

"அப்புறம் ஏன் சார் லாக்கப்புல வெச்சீங்க?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"பாதுகாப்புக்காக. சல்யூட் வாங்கியவருக்குப் பொறாமைக்காரர்கள் இருப்பார்கள் அல்லவா?"

உடனே ஒரு பொன்னாடை வந்தது. கிரீஸ் படிந்த சட்டைமேல் அதைப் போர்த்திவிட்டு, பாஷாவின் கையைக் குலுக்கி, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பாஷாவுக்கு எதுவும் புரியவில்லை. கவுசர் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். கங்காதரனும் அழுதார். அவர் நாவலில் முப்பது தடவை குற்றவாளிகள் அழுதிருக்கிறார்கள். ஒரு நல்ல மனிதர் விடுதலையாகி யாரும் அழுததில்லை.

இதற்குள் சுதாகர் ருத்ராவை எழுப்பி இறக்கப் பார்த்தார். அது நாலு அடி வைத்தது. மைக் முன்னால் நின்றிருந்த கங்காதரன்வரை வந்தது. உட்கார்ந்தது.

சாமிநாதன் கங்காதரனைப் பார்த்தார், பிறகு டி.எஸ்.பி.யைப் பார்த்தார். "அய்யா, இதை இன்னான்னு எடுத்துக்கறது?"

பரசுராமன் அவசரப்படவில்லை. சற்று முன்னால் தன்னை ஊரறிய வியர்க்க வைத்த அபிமான எழுத்தாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சல்யூட்டா, வேற ஏதாவதான்னு மேலிடத்துல கேட்டுத்தான் சொல்லணும். அதுவரைக்கும் சாரு நம்ம ஸ்டேஷன்லயே இருக்கட்டும். விருந்தாளியா."

கங்காதரன் மண்டபத்தைப் பார்த்தார். யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும். செல்போன்கள் பைக்குள் போய்விட்டன. நிருபர்கள் டிபன் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுதாகர் தரையைப் பார்த்தார். இரண்டு போலீஸ்காரர்கள் கங்காதரனின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"சார்," என்றார் பாஷா.  "எனக்கு அடிச்ச சல்யூட்டைத்தானே அவருக்கும் அடிச்சுது? என்னை வுட்டீங்க, அவரை மட்டும் இன்னாத்துக்கு புடிக்கிறீங்க?"

"பாய், பேசாம வூட்டுக்குப் போறியா, இல்ல ருத்ராவை இன்னொரு தபா உன் முன்னாடி நடக்க வெக்கட்டுமா?" என்றார் சாமிநாதன்.

பாஷா கவுசரைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பாஷா தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, நாலாக மடித்து, டி.எஸ்.பி.யின் மேசையில் சேவலுக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே நின்ற ஜீப்பில் போய், யாரும் சொல்லாமலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வாங்கண்ணா," என்று, போலீஸ்காரர்கள் வெளியே கூட்டிவந்த கங்காதரனுக்குக் கையை நீட்டினார். "அந்தப் பெஞ்சுல எந்தப் பக்கம் மூட்டைப்பூச்சி இல்லன்னு எனக்குத் தெரியும்."

கங்காதரன் அந்தக் கையைப் பிடித்து ஏறினார்.  கவுசர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போயி இருங்க ரெண்டு பேரும். நான் சோறு கட்டி எடுத்தாறேன்," என்றாள்.